பேரரசர் மூக்கில் விழுந்த விரிசல்

திண்டுக்கல்,
மார்கழி 20

மதிப்பிற்குரிய மச்சான் அழகுராஜா அவர்களின் சமூகத்துக்குக் கமலக்கண்ணன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை சண்முகவள்ளியும் நலம். எங்கள் முழங்கால்கள் நான்கில் மூன்று நலம். அங்கே உங்கள் சர்க்கரை அளவும் அக்காவின் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படவும்.

முதலில் சந்தோஷ சமாச்சாரம். உங்கள் தங்கை எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டுவிட்டது! "சரித்திரம் படிச்சா எவன் சோறு போடுவான்?" என்று அவள் காலேஜ் சேர்ந்த அன்று நீங்கள் கேட்டீர்களாம். சாணார்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் டீச்சராக இருந்து அவளே சோறு போட்டுக்கொண்டாள், எனக்கும் சேர்த்து. ரிட்டயர் ஆன பிறகு மற்ற டீச்சர்கள் காசிக்குப் போனார்கள், இவள் கம்ப்யூட்டரைத் திறந்து ரோமாபுரிக்குப் போனாள். ரோமாபுரி என்றால் தலைநகரம் இல்லை மச்சான், அதன் மாகாணங்கள். இப்போது துருக்கி இருக்கும் இடத்தில் அன்றைக்கு ஊருக்கு ஊர் சொந்தமாக வெண்கலக் காசு அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பேரரசர் தலை, மறுபக்கம் அந்த ஊர்ச் சாமியும் ஊர்ப் பெயரும். மியூசியம்களின் இணையப் பக்கங்களில் அந்தக் காசுகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இவள் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு வேறு ஊர்க் காசுகளில் பேரரசர் மூக்கின் மேல் ஒரே மாதிரி மெல்லிய கோடு ஓடுவதைப் பிடித்துவிட்டாள். அச்சில் விழுந்த விரிசல், காசில் கோடாகத் தூக்கி நிற்கும். இரண்டு ஊர்க் காசிலும் ஒரே கோடு என்றால் தலைப் பக்கத்துக்கு ஒரே அச்சு. அதாவது ஒரே பட்டறை இரண்டு ஊருக்கும் காசு அடித்துக் கொடுத்திருக்கிறது. நம் ஊர்ப் பூட்டுப் பட்டறையில் ஒரே பூட்டை அடித்து ஆளுக்கொரு கடைப் பெயர் போடுவதில்லையா, அதே கதைதான்.

இதை எழுதி அனுப்பினால், "அது விரிசல்தான், காசில் பட்ட கீறல் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று பத்திரிகையிலிருந்து கேட்டுவிட்டார்கள். உங்கள் தங்கைக்கு ரோஷம் தெரியுமே. "அடிச்சே காட்டுறேன்" என்று கிளம்பி, பேகம்பூரில் பூட்டுப் பட்டறை நடத்தும் ஜெய்தூன் பீவியிடம் போனாள். அந்தம்மா அச்சு வெட்டுவதில் கெட்டிக்காரி. ஆனால் படத்தில் பேரரசர் முகம் தேய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. "மூக்கும் முழியுமா ஒரு ஆம்பளை போட்டோ கொண்டாங்க டீச்சரம்மா" என்றார். வீட்டில் அப்படி ஒரு ஆம்பளை இல்லாததால் உங்கள் கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோனோம். அச்சில் நீங்கள் அந்தப் பேரரசர் மாதிரியே தலையில் இலைமாலையோடு அம்புட்டு கம்பீரமாக இருந்தீர்கள்.

அச்சு தயார், உலை தயார். ஆனால் பட்டறையில் இருந்தது பூராவும் பித்தளை. காசுக்கு வெண்கலம் வேண்டும். இந்த இடத்தில் தண்ணீர் குடித்துக்கொள்ளவும். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்த வெண்கலப் பானையை உங்கள் தங்கையே தன் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் எவ்வளவோ தடுத்தேன். நான் பஸ்ஸில் விசில் ஊதிய கண்டக்டர். படித்தவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு உண்டா?

காசுக்காக முதலில் வார்த்த வட்ட வில்லைகள் சுத்தியல் பட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கின. பானையில் வெள்ளீயம் அதிகம் என்று ஜெய்தூன் பீவி செம்புக் கம்பி சேர்த்து மறுபடி வார்த்தார். வில்லையைப் பழுக்கக் காய்ச்சி, கீழச்சுக்கும் மேலச்சுக்கும் நடுவே வைத்து ஓங்கி ஒரே அடி. உங்கள் தலை பளிச்சென்று விழுந்தது! மூன்று நாள் அடித்தோம். நாலாம் நாள் போலீஸ் வந்துவிட்டது, கள்ளக்காசு அடிக்கிறார்கள் என்று எவனோ போன் போட்டிருக்கிறான். எஸ்.ஐ. அம்மா ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இத வச்சு என்ன வாங்கலாம்?" என்றார்.

"துருக்கியில ரொட்டி வாங்கலாம் மேடம். ஆயிரத்தெழுநூறு வருசம் பின்னால போகணும்" என்றார் ஜெய்தூன் பீவி.

உங்கள் தங்கை ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். எஸ்.ஐ. அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டா?" என்று சுத்தியலை வாங்கினார். அந்த அடியில்தான் மச்சான், நீங்கள் விரிசல் விட்டீர்கள். சரியாக மூக்கில்! அடுத்த காசில் கோடு மயிரிழையாகத் தூக்கி நின்றது. பத்துக் காசு போனதும் கன்னம் வரை ஓடியது. உங்கள் தங்கை அழுதுவிட்டாள். ஜெய்தூன் பீவி அவளைக் கட்டிக்கொண்டார். அந்தப் படத்தைப் போட்டுத்தான் கட்டுரை வரப்போகிறது. நம் குடும்பத்தில் வெளிநாட்டுப் பத்திரிகையில் முகம் வரும் முதல் ஆள் நீங்கள்தான்.

ஆகவே பொங்கலுக்கு வரும்போது பானை எங்கே என்று கேட்டு அவள் மனதை நோகடிக்க வேண்டாம். குக்கரில் பொங்குகிறோம். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் மூக்குக்கு என் தனிப்பட்ட மரியாதை.

இப்படிக்கு,
கமலக்கண்ணன்

பின்குறிப்பு: அண்ணே, வள்ளி எழுதுறேன். கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். பானையை நான் எடுத்துக் கொடுக்கல. நான் மதுரைக்குக் கண்ணு காட்டப் போன அன்னிக்கு இவரே தூக்கிட்டுப் போய் உலையில போட்டுட்டார். இன்னொண்ணு. எட்டு மாசம் அந்தப் படங்களையே பாத்தும் எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. காபி கொடுக்க வந்தவர் நின்னு பாத்துட்டு, "ஏம்மா, இது ரெண்டும் ஒரே மூக்குல்ல?"ன்னார். கட்டுரையில என் பேருக்குப் பக்கத்துல அவர் பேரும் வருது. கண்டக்டர் பேரான்னு நீங்க சிரிப்பீங்கன்னு மறைச்சிருக்கார். அதனால திட்டுறதுன்னாலும் பாராட்டுறதுன்னாலும் போன் பண்ணுங்க, அவர்கிட்டயே கொடுக்கிறேன்.