சம்பந்தி கொடுத்த மீன் குஞ்சுகள்

தணிக்கை அதிகாரி ஓய்வு பெறலாம். அவருடைய சந்தேகம் ஓய்வு பெறாது. என் சந்தேகத்துக்கோ பதவி உயர்வே கிடைத்தது. அது சம்பந்தி வரை போனது.

ஓய்வு பெற்றதும் மலைமேல் வாழவந்தி பக்கம் வீடு கட்டிக் குடியேறினோம். மகள் கவிதாவுக்கு அடிவாரத்தில் மாப்பிள்ளை. அவர் அப்பா பழனிசாமி அங்கே மீன் குட்டை வைத்திருப்பவர். சித்திரையில் நிச்சயதார்த்தத்தன்று, காற்றடைத்த பையில் ரோகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்தார்.

"நம்ம குட்டைல உட்ட அதே குஞ்சுதானுங்க சம்பந்தி. உங்க தொட்டில வளத்துங்க. தை மாசம் கல்யாணம் முடிஞ்சு கறி விருந்துக்கு வர்றப்ப இதையே வறுத்துப் போட்டுருங்க."

நான் சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தேன். (யாரும் எழச் சொல்லவில்லை.)

மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு இரவும் பகலும் தொட்டியில் விழவிட்டேன். தீவனமும் குறைவில்லை. கார்த்திகையில் சம்பந்தி போன் செய்தார்: அவருடைய மீன்கள் முழங்கை நீளமாம். என்னுடையவை விரல் நீளத்தைத் தாண்டவில்லை.

ஆக, திருட்டு. முதல் சந்தேகம் தீவனம் போடும் மாரியப்பன் மேல். அவர் வீட்டுக் கோழி மட்டும் எப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறது?

"மீன் தீவனத்தத் தின்னுருந்தா எங்கூட்டுக் கோழி இன்னேரம் நீந்தியிருக்குமுங்க சார்" என்றார் மாரியப்பன்.

நான் தீவன மூட்டைக்கு அரக்கு முத்திரை வைத்தேன். மீன்கொத்தியும் மனிதரும் நெருங்காதபடி தொட்டிக்கு மேலே பச்சை வலை கட்டி, வந்துகொண்டிருந்த கொஞ்ச வெயிலையும் மறைத்தேன். பிறகு ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாவோடு நானே காவல் உட்கார்ந்தேன். பல் தந்தியடித்தது. அப்போதும் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. நடைமுறைப்படி முதலில் ஆட்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

மீதி இருந்த ஆள் சம்பந்தி. நல்ல குஞ்சுகளை வைத்துக்கொண்டு சவலைகளை என் தலையில் கட்டிவிட்டார்!

"பேசாம சேலத்துல மீன் வாங்கிரலாமுங்க. புள்ள வாழப்போற ஊடு, வம்பு வேண்டாம்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

தையில் கல்யாணம் முடிந்தது. கறி விருந்தன்று எல்லோரையும் தொட்டியருகே அழைத்துப்போய், ஒரு மீனை வலையில் தூக்கிக் காட்டினேன். "அதே குஞ்சு என்றால் அதே வளர்ச்சி இருக்க வேண்டும், சம்பந்தி. விளக்கம் தேவை."

சம்பந்தி முகம் கறுத்தது. "அப்ப நான் சவலையக் குடுத்து ஏமாத்திப்போட்டனுங்களா?" தோள்துண்டை உதறினார். "டேய், காரை எடு. கவிதா, நீ உங்கப்பனூட்டுலயே இரு கண்ணு. எங்க கூட வந்தா உன்னையும் ஏமாத்திருவோம்."

கவிதா என்னைப் பார்த்த பார்வையில் நான் விரல் நீளத்துக்குச் சுருங்கிப்போனேன். மாப்பிள்ளை கார் சாவியைத் தேடினார்.

அப்போது, காலில் பட்ட சேற்றைக் கழுவப்போன சம்பந்தியம்மா அலறினார். "ஐயோ சாமி! தண்ணி ஐஸாட்டம் இருக்குதுங்க!"

சம்பந்தி குனிந்து தொட்டிக்குள் கையை விட்டார். சட்டென்று எடுத்தார். மறுபடி விட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"ஏனுங்க சம்பந்தி, நீங்க இதுல குளிப்பீங்களா?"

"வெந்நீரில்தான் குளிப்பேன்."

"மீனுக்கு யாருங்க வெந்நீர் வெச்சுக் குடுக்கறது? தண்ணி எந்தச் சூடோ அந்தச் சூடுதானுங்க அதோட உடம்பும். நொம்பக் குளுந்தா பசிக்காது, தின்னாலும் செரிக்காது. அப்புறம் எங்கீங்க வளர்றது?"

தொட்டியை வடித்தோம். அடியில், மீன்கள் தொடாத தீவனம் அத்தனையும் சேறாகக் கிடந்தது. மாரியப்பன் எட்டிப் பார்த்தார். "எங்கோழி மிச்சம் வெச்சதாட்டம் இருக்குதுங்க சார்."

விருந்துக்கு அந்தக் கோழிதான் குழம்பானது. சாயங்காலம் கவிதா புகுந்த வீட்டுக்காரர்களோடு சிரித்தபடி மலையிறங்கினாள். என்னிடம் மட்டும் பேசவில்லை.

இப்போது நான் யாரையாவது முறைத்தால் போதும், "மொதல்ல தண்ணியத் தொட்டுப் பாருங்க" என்கிறாள் மனைவி. மார்கழி தோறும் சம்பந்தி பெரிய ரோகு ஒன்றை, அதன் தலையில் கம்பளிக் குல்லா மாட்டி அனுப்புகிறார்.

போன மார்கழியில் வந்த குல்லா, என் அலமாரியிலிருந்து காணாமல்போன குல்லா மாதிரியே இருக்கிறது. மாரியப்பனுக்கும் இதில் பங்கு உண்டா என்று விசாரிக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான்.