உப்பு போலீஸும் என் கேஸ் மாத்திரையும்

அரியலூரில் எங்கள் சிமென்ட் ஆலையில் மேனேஜருக்குப் பயப்படாதவர்கள் உண்டு. கேட்டுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த உப்பு போலீஸுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

அவருடைய நிஜப் பெயர் பில்லில் இருந்திருக்கும், யாரும் படித்ததில்லை. தலைவலி மாத்திரை கேட்டால் முதலில் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவார். அப்புறம், "டிபன் பாக்ஸத் தொறங்க" என்பார். உள்ளே ஊறுகாய் இருந்தால் தொலைந்தோம். பிரஷர் கூடியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிட்டு, மறுவாரம் ஆலை கேட்டிலேயே வந்து நின்று, "போனீங்களா?" என்று மறிப்பார். லோடுமேன்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அவர் கடையைத் தாண்டுவார்கள். புகை மட்டும் தலைக்கு மேலே நின்று காட்டிக்கொடுக்கும்.

அங்கே லேசில் கிடைக்காத ஒரே சாமான் கேஸ் மாத்திரை. நம்மவர்களுக்கு நெஞ்சில் என்ன வந்தாலும் கேஸ்தானே! வயிற்றைத் தொட்டுக் காட்டினால் பத்துக் கேள்வி கேட்பார். நெஞ்சைத் தொட்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே போய் நின்றேன். டெஸ்பாட்ச் குமாஸ்தா நான். மொச்சைக் குழம்பு செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"கேஸுங்க. ஒரு மாத்திரை குடுங்க, வேலை கெடக்கு."

"எங்க வலிக்குது?"

உள்ளங்கையை நெஞ்சில் வைத்தேன்.

"இப்புடி வேர்க்குதே?"

"சித்திரை மாசம் வேர்க்காம என்னங்க?"

"ஃபேனுக்கு அடியில நிக்கிறீங்க சார்."

அன்று அவர் பட்டையைக்கூட எடுக்கவில்லை. பொங்கலுக்கும் இறங்காத ஷட்டரை இறக்கி, என்னை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வெறும் கேஸுங்க..." என்று வழியெல்லாம் முனகினேன்.

"ஆமாங்க, கேஸுதான். பேசாம வாங்க" என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் அதை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

மாரடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர். என் மனைவி அழுதுகொண்டே உப்பு போலீஸின் காலில் விழப்போனாள். அவர் பதறி நகர்ந்துகொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும்மா, கொழம்புக்கு உப்பு எவ்வளவு போடுவீங்க?" என்றார்.

பிறகு அவர் ஆண்டிமடத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இலை ஓரத்தில் ஊறுகாய் வைத்தார்கள். பழக்கதோஷத்தில் கையால் மறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வந்து திட்டினால் தேவலை என்றிருந்தது.