சீனத்தோடு வாதாடிய கொழுக்கட்டையர்

கொழுக்கட்டைக்காகச் சீன தேசத்தோடு தனியாளாகச் சண்டைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் கொழுக்கட்டையர்தான். சண்டை நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில். வென்றாரா என்று கேட்காதீர்கள். மனிதருக்குத் தோற்கத் தெரியாது.

மன்னார்க்காரர். ஞானஸ்நானப் பெயரை எங்கள் பாதிரியாரே மறந்துவிட்டார். அந்தச் சந்தில் ஒரு சீனத் தம்பதி புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறந்திருந்தார்கள். நான் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவன். அவர் கோப்பை கழுவ வந்தவர்.

முதல் நாளே முதலாளியம்மா வேலை செய்வதைக் கண்டுவிட்டார். அம்மா மாவை வட்டமாக உருட்டி, நடுவில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோவாவும் வைத்து, பிறைபோல மடித்து, ஓரத்தை நுள்ளி நுள்ளி மூடிக்கொண்டிருந்தார். கழுவின சட்டி இவர் கையிலிருந்து விழுந்தது.

“ஐயோ, இது எங்கடை கொழுக்கட்டையெல்லோ! இஞ்சை எப்பிடி வந்தது?”

“ஜியாவ்ஸ,” என்றார் அம்மா.

“கொழுக்கட்டை!”

“ஜியாவ்ஸ!”

இருவருக்கும் தெரிந்த இத்தாலிய மொழியைச் சேர்த்தாலும் ஒரு வசனம் தேறாது. ஆனாலும் மத்தியானம்வரை வாதாடினார்கள். வடசீனத்தில் வருசப்பிறப்புக்கு முதல்நாள் குடும்பம் முழுக்கச் சுற்றியிருந்து இதைப் பிடிப்பார்களாம். பழைய காலத்துப் பொற்கட்டியின் வடிவமாம். சாப்பிட்டால் செல்வம் வருமாம். அம்மா கையைக் காலை ஆட்டி விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு இவர் என்னிடம் திரும்பினார்.

“பாத்தியோ தம்பி, களவெடுத்ததை எண்டாலும் வடிவாத்தான் வைச்சிருக்கினம்.”

அடுத்த நாள் அம்மாவின் மாவுக்குள் பயறும் சீனியும் தேங்காய்ப்பூவும் வைத்துத் தன் திறமையைக் காட்டினார். கொதிதண்ணீரில் போட்டதும் அவ்வளவும் வாய் பிளந்தன. சட்டிக்குள் மிஞ்சியது பயத்தங்கஞ்சி. அம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

“இந்த ஊர்த் தண்ணி சரியில்லை,” என்றார் கொழுக்கட்டையர்.

கடையில்தான் சனமில்லை. மாட்டு மண்ணீரலைப் பாண் ரொட்டிக்குள் வைத்து ருசித்துத் தின்கிற பலேர்மோக்காரர், எங்கள் கடை வாசலில் நின்று “அதுக்குள்ள என்ன கிடக்கோ” என்று பயந்தார்கள். ஒரு நாள் தைரியசாலி ஒருவர் உள்ளே வந்து, தங்கள் ஊரில் மாவுக்குள் பூரணம் வைத்துச் செய்வதை நினைத்து, “இது ரவியோலியா?” என்று கேட்டார். குசினிக்குள்ளிருந்து ஈரக்கையோடு பாய்ந்து வந்தார் நம்மவர்.

“ரவியோலியோ? ரவியோலி இதின்ரை பேரப்பிள்ளை, சிஞ்ஞோரே!”

தைரியசாலி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். மாத முடிவோடு கடையைப் பூட்டிவிட்டு மிலானோவில் இருக்கும் தம்பியிடம் போகப்போகிறாராம். எங்களுக்கு வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்.

கொழுக்கட்டையர் இதொன்றையும் கேட்கவில்லை. அம்மாவின் முதுகில் கட்டியிருந்த குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பல்லு! பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுது! கொழுக்கட்டை அவிச்சுத் தலையிலை கொட்டவேணும்!”

“என் பிள்ளையின் தலையிலா? உனக்கென்ன பைத்தியமா?” என்றார் முதலாளி.

“ஓம், கொட்டாட்டில் மற்றப் பல்லெல்லாம் கோணலாத்தான் வரும்.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். பொற்கட்டி தலையில் விழுந்தால் கெட்டுப்போவதற்கு என்ன இருக்கிறது? கணவனை ஒரு பார்வை பார்த்தார். முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கள் சனம் முழுக்கச் சந்துக்குள் வந்தது. கடை வாசலில் பாய் விரித்து, குழந்தையை இருத்தி, தலைக்கு மேல் நாங்கள் நாலு பேர் வெள்ளைத் துணி பிடித்தோம். ஆறவைத்த ஜியாவ்ஸவைக் கொழுக்கட்டையர் சுளகோடு தூக்கி, துணியின்மேல் மெல்லச் சரித்தார். அவை உருண்டு குழந்தையைச் சுற்றி விழுந்தன. எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். குழந்தை கெக்கட்டமிட்டுச் சிரித்தது.

எதிர் மாடியிலிருந்து ஒரு சத்தம். “அடேய் விசரன்களே! பிள்ளையைக் கொல்லப் போறீங்களா?”

பருத்த சிஞ்ஞோரா ஒருத்தி வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடிவந்து, குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு எங்களைத் திட்டத் தொடங்கினார். திட்டுவதற்கு அவர் வாயை அகலத் திறந்த நேரம், குழந்தை கையில் பொறுக்கியிருந்த கொழுக்கட்டையை அதற்குள் திணித்துவிட்டது.

சிஞ்ஞோரா மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார்.

“இன்னும் இருக்கா?”

பலேர்மோவில் மாடிப் பெண்கள் மரக்கறி வாங்கக் கயிற்றில் கூடை இறக்குவார்கள். அன்றைக்கு அந்தச் சந்தின் மாடிகளிலிருந்தெல்லாம் கூடைகள் இறங்கின. அம்மா பிடிக்கப் பிடிக்க, நான் அவிக்க அவிக்க, கொழுக்கட்டையர் கூடைகளை நிரப்பிக்கொண்டு கீழே நின்று கத்தினார். “மேலை இழுங்கோ! சூடு, கவனம்!” சிசிலிக்காரிகளுக்கு அந்தத் தமிழ் நன்றாகவே விளங்கியது. பின்னேரம் முதலாளி மிலானோத் தம்பிக்குப் போன் எடுத்து, “நான் வரவில்லை, நீ வா” என்றார்.

கடை நிலைத்தது. எங்கள் பெர்மெஸ்ஸோவும் நிலைத்தது. சில வருசம் கழித்துக் கொழுக்கட்டையர் கனடாவுக்குப் போனார். பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. அங்கே எந்தக் குசினியில் நிற்கிறாரோ. எங்கே நின்றாலும் அவரை எதிர்த்துக் கதைக்க ஒரு நல்ல ஆளை ஆண்டவர் பக்கத்தில் வைத்திருக்கவேண்டும். வாதாட ஆளில்லாவிட்டால் அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.