மூன்றுக்கு நேரே ஒரு ஓட்டை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு, துணி தைத்துப் பிழைக்கிறவள் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் தவறிப்போன பிறகு, கடைசியாகத் தாளில் வரைந்து வைத்திருந்த புதிரை நான்தான் உங்களுக்கு அனுப்பினேன். வளைகோட்டைப் பார்த்து அதற்கான பின்னத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லிச் சொல்லி எனக்கே கொஞ்சம் ஏறிவிட்டது. இரண்டில் நிற்கிற கோட்டுக்குப் பக்கத்தில் வளைவு சண்டை போட்ட சம்பந்தி மாதிரி வரும், தொடாது. அதனால் கீழே எக்ஸ் கழித்தல் இரண்டு. தரையான எக்ஸ் அச்சை ஒன்றில் வெட்டுகிறது. மேலே எக்ஸ் கழித்தல் ஒன்று. தூரம் போகப் போக ஒன்று உயரத்தில் படுத்திருக்கிற கோட்டை ஒட்டி ஓடுகிறது, அதுவும் சரியாக வந்துவிடும். ஆனால் மூன்றுக்கு நேரே வளைவில் ஓர் ஓட்டை இருக்கிறதே, அதற்கு எக்ஸ் கழித்தல் மூன்றால் மேலேயும் கீழேயும் பெருக்க வேண்டாமா? போன இதழில் நீங்கள் போட்ட விடையில் அது இல்லை.

போன் பண்ணினேன். உங்கள் ஆபீஸ் தம்பி, “மேலயும் கீழயும் ஒண்ணுதானேம்மா, அடிச்சா போச்சு” என்றார்.

“அடிச்சா ஓட்டை எங்க தம்பி போகும்?”

“அது சின்ன ஓட்டைம்மா, யாரு பாக்கப் போறா?”

“பட்டன் ஓட்டையும் சின்னதுதான். அதைத் தைச்சு மூடித் தரேன், சட்டையை மாட்டிப் பாரு.”

போனை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் பேர் போட்டு வந்த கடைசிக் கணக்கு அரைகுறையாக நிற்க நான் விடமாட்டேன். அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும். வரும்வரை தினமும் போன் வரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கணக்கு வாத்தியார் சம்சாரம்

பி.கு.: உறை ஒட்டும்போது மகள் படித்துவிட்டு, “அம்மா, அப்பா இந்தக் கணக்கை எனக்குத்தான் முதல்ல போட்டார். அதுல ஓட்டையே கிடையாது. அவர் போனப்புறம் நீ அந்தத் தாளைச் சுவத்துல குத்தி வச்சியே, அந்தக் குண்டூசி ஓட்டை அது” என்றாள். ஆகவே நீங்கள் போட்ட விடை சரிதான், அவர் இருந்தவரைக்கும். இப்போது ஓட்டை இருக்கிறது. திருத்தம் போடுங்கள்.