பூண்டுக் காட்டுக்கு ஒரு லோடு சக்கை

பூண்டு ஊன்ற உழுது போட்ட முப்பது சென்ட் நிலத்தை, மழை வரும்வரை காற்றிடமிருந்து காப்பாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மேல்மலைக் காற்று சரிவில் உழுத மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். போன வருடம் என் மேல்மண்ணில் பாதி, பக்கத்துக் காட்டுப் பாண்டியம்மாளின் கேரட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு நல்ல விளைச்சல். எனக்குச் சரளைக்கல்லும், கோலிக்குண்டு அளவில் பூண்டும்.

நான் ஒரு நாளிதழில் பல வருடம் விவசாயப் பக்கம் பார்த்தவன். ஆலைக் கழிவால் மண்ணை மூடுங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதியவன். இந்த வருடம் நானே செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தேன்.

ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி டிரைவர் சேகரிடம், திரும்பும்போது சர்க்கரை ஆலையிலிருந்து ஒரு லோடு கரும்புச் சக்கை கொண்டுவரச் சொன்னேன்.

"சக்கையா? யாரு சார் திங்கிறதுக்கு?"

"யாரும் திங்கிறதுக்கு இல்ல. மண்ணுக்கு."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

சக்கை வந்தது. விரித்தேன். பாண்டியம்மாள் வரப்பில் நின்று பார்த்தார்.

"என்னங்க சார், காட்டுக்குப் பாய் விரிக்கிறீங்களா?"

"மூடாக்குங்க. மண்ணு பறக்காது."

"சாணியக் கரைச்சு மேல தெளிங்க. இல்லேன்னா நிக்காது."

சாணி, கையை விட்டுக் கரைக்கிற சோலி. என் கட்டுரைகளில் அது வந்ததே இல்லை; விட்டுவிட்டேன்.

மத்தியானம் காற்று வந்தது. போன வருடம் மண் போன அதே வழியில் சக்கையும் கிளம்பியது. பாண்டியம்மாள் தலைமுடியில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"போன வருசம் மண்ணு குடுத்தீங்க. இந்த வருசம் மெத்தையா?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மாட்டுத் தீவனத்தில் கலக்க, அதே ஆலையின் கழிவுப்பாகு ஒரு கேன் வைத்திருந்தேன். வெல்லப்பாகு போலப் பிசுபிசுப்பு. மிச்சச் சக்கையைப் பரப்பி, பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தேன். அப்படியே ஒட்டிக்கொண்டது. காற்றால் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியவில்லை.

பாண்டியம்மாள் மோந்து பார்த்தார். "வெல்லம் காய்ச்சுற மாதிரி மணக்குதே சார்."

"சக்கை நிக்குதுல்ல?"

"நிக்குது. வேற யாரு வந்து நிப்பாகன்னுதான் தெரியல."

மறுநாள் வெள்ளனே போன் அடித்தார். "சார், வெரசா வாங்க. ஆனா கிட்ட வந்துராதீங்க."

காட்டுமாடுகள். ஏழு. ஆறு, என் சக்கையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சாப்பிட்டு முடித்த ஒன்று பூண்டுக் காட்டின் நடுவில் படுத்து அசைபோட்டது.

"விரட்டிப் பாக்கலாமா?" என்றேன்.

"நீங்க விரட்டுங்க. நான் பாக்குறேன்."

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். உச்சிவேளை வரை தின்றன, நக்கின, ஈர மண்ணை மிதித்துத் துவைத்தன. பிறகு நிதானமாகச் சோலைக்குள் போயின.

பாண்டியம்மாள் இறங்கிப் போய்க் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். களத்துமேடு மாதிரி டங்கென்றது.

"ஒரு பிடி மண்ணு போகலங்க சார். நான் சொன்ன சாணியும் விழுந்து கெடக்கு. பூண்டு ஊனத்தான் கடப்பாரை வேணும்."