டெத் மெட்டல் எத்தனை எம்.எம்.?

உலக இசை வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: எங்கள் கமிட்டிக்கு முன், எங்கள் கமிட்டிக்குப் பின். டெத் மெட்டல் என்னும் அரிய இசை அமெரிக்காவில், புளோரிடா பக்கம் பிறந்ததாக நாற்பது வருஷமாக ஒரு வதந்தி உலவி வந்தது. அது பிறந்தது தெற்கு அந்தமானில், பெரார்கஞ்சுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துச் சாலையில் என்பதை நிறுவிய குழுவில் அடியேனும் ஓர் உறுப்பினன். உறுப்பினன் என்றால், டீ சொல்லிவிடுவதும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. வரலாற்றை எப்போதும் இப்படிப்பட்டவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

எங்களுடையது போர்ட் பிளேரில் உள்ள ஒரு பண்பாட்டு அலுவலகம். பெயரைச் சொல்லத் தன்னடக்கம் தடுக்கிறது. வருஷாந்திர விழாவில் யார் ஆடலாம், யார் பாடலாம், யார் பாடியே தீருவார் என்று முடிவு செய்வது நாங்கள்தான். எங்கள் தலைவர் டெபுடி டைரக்டர் சுரேந்திரன். இசையை உயிராக மதிப்பவர். அதனால் அதன் பக்கமே போய்த் தொந்தரவு கொடுத்ததில்லை.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் அருண்பிரசாத். ரப்பர் பால் வெட்டுகிறவன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கூட வந்தவள் ஆக்சிலியா. மீனுக்கு ஐஸ் போடும் ஃபாக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆண்டவருக்காக டிரம்ஸ் வாசிப்பாள். மற்ற கிழமைகளில் அதே டிரம்ஸில் மற்றவருக்காகவும் வாசிப்பாள்.

“சார், எங்க பேண்டு பேரு மேல் லயம். விழாவுல டெத் மெட்டல் வாசிக்கணும்” என்றான் அருண்பிரசாத்.

சுரேந்திரன் நாற்காலியில் நிமிர்ந்தார். “லயம்! க்யா பாத் ஹை! லயம் இருக்கு சரி, சுருதி எங்க?”

“சுருதின்னு அங்க யாரும் இல்ல சார். லயம் மட்டுந்தான். அதுவும் மழை பெஞ்சா ஒழுகுது.”

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளுக்கு அவர்கள் பேச்சில் லயம் என்று பெயர். அது எனக்குத் தெரியும். மேலதிகாரி ரசித்துக்கொண்டிருக்கும்போது அர்த்தம் சொல்வது ஒழுங்கீனம் என்பதும் எனக்குத் தெரியும். “ஒழுகும் லயம்” என்று சுரேந்திரன் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சொன்னபோது தலையும் ஆடியது.

ஆக்சிலியா பொறுமையாக விளக்கினாள். “கிட்டார் சுருதிய நல்லா எறக்கிக் கட்டணும் சார், அடிவயித்துல கேக்குற மாதிரி. டிரம்ஸ்ல ரெண்டு காலாலயும் மிதிக்கணும், நிறுத்தாம, மெஷின் மாதிரி. பாடுறவன் வாயால பாடக் கூடாது. தொண்டைக்குள்ளருந்து உறுமணும். எம்பதுகள்ல அமெரிக்காவுல பசங்க கேசட்ட ஒருத்தருக்கொருத்தர் தபால்ல அனுப்பி வளத்தது சார். அப்புறம் ஸ்வீடன் பக்கம் போச்சு.”

“வார்த்தை புரியுமா?”

“புரியாது சார்.”

“எதைப் பத்தி பாட்டு?”

அருண்பிரசாத் தரையைப் பார்த்தான். “ரோட்டப் பத்தி. எங்க அக்கா விஜயகுமாரிக்கு இது பிள்ள பொறக்குற மாசம். மச்சான் தூரத்துத் தீவுல, கேம்பல் பேல வேலைக்குப் போயிருக்காரு, கப்பல் கெடைச்சாதான் வருவாரு. லயத்துக்கு ஆம்புலன்ஸ் ஏற மாட்டேங்குது. ரோட்ல ஜல்லியக் கொட்டிட்டுத் தாரே ஊத்தல. மனுவ நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்தோம், யாருக்கும் புரியல. அதான் சார், அந்த மனுவையே உறுமிப் பாக்கலாம்னு இருக்கோம்.”

எங்கள் அலுவலகம் மின்னல் வேகத்தில் இயங்கியது. விண்ணப்பத்தில் “டெத்” என்று இருந்ததால் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு அனுப்பினோம். “இறந்தவர் பெயர் குறிப்பிடப்படவில்லை” என்று திரும்பி வந்தது. “மெட்டல்” என்று இருந்ததால் சாலைப் பணிக்கு அனுப்பினோம். அங்கேதான் சரித்திரம் சூடு பிடித்தது. எங்கள் தீவில் மெட்டல் என்றால் ஜல்லி. இங்கே மலையை உடைக்க ஆயிரம் கட்டுப்பாடு; மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஜல்லி விழுந்த சத்தம் கேட்டால் காண்ட்ராக்டர்கள் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்கள். அந்தப் பிரிவின் இன்ஜினியர் அழகர்சாமி கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கமிட்டி கூடியது.

“இருபது எம்.எம். ஜல்லி தெரியும், நாப்பது எம்.எம். தெரியும். டெத் எத்தனை எம்.எம்.?” என்று கேட்டார் அழகர்சாமி.

“சார், அது பாட்டு” என்றாள் ஆக்சிலியா.

“பாட்டோ கூத்தோ, பேப்பர்ல மெட்டல்னு இருக்கு. ஹெவி மெட்டல்னு ஒண்ணு இருக்காமே?”

“இருக்கு சார். அதுலருந்துதான் இது வந்துச்சு.”

“பாத்தீங்களா! பெரிய கல்ல உடைச்சா சின்னக் கல்லு. கிரஷர் எங்க ஓடுது? லைசென்ஸ் இருக்கா? சாம்பிள் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். மேல் லயத்துல மெட்டல் ஸ்டாக் இருக்கா?”

“நெறைய இருக்கு சார்” என்றான் அருண்பிரசாத். “நீங்கதான் கொட்டிட்டுப் போனீங்க.”

சுரேந்திரனுக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. “ஏம்மா, அந்த புளோரிடாவுல சமுத்திரம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“சதுப்பு நிலம்? புயல்? முதலை?”

“எல்லாம் இருக்கு சார்.”

“நம்ம கிட்டயும் எல்லாம் இருக்கு! நம்ம முதலை இன்னும் பெரிசு. அப்ப அவன் கிட்ட மட்டும் எப்படிப் பொறக்கும்? நை சலேகா! இத விட முடியாது! உடனே ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன்.”

மறுநாள் கமிட்டியும் அந்த இருவருமாக ஆபீஸ் ஜீப்பில் கிளம்பினோம். பெரார்கஞ்ச் வயல்களைத் தாண்டி, பாக்குத் தோப்பைத் தாண்டி ஜீப் மேலே ஏறியது. தார் முடிந்தது. டெத் மெட்டல் தொடங்கியது. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை, குறிப்பில் இருப்பதைச் சொல்கிறேன். சக்கரம் கிளப்பிய ஜல்லி ஜீப்பின் அடியில் இரண்டு கால் மிதியாக, நிறுத்தாமல், மெஷின் மாதிரி அடித்தது. எங்கள் முதுகெலும்புகள் ஒவ்வொரு குழியிலும் அரைச் சுருதி இறங்கின. “மெள்ளப் போப்பா” என்று டிரைவரிடம் சொல்ல வாய் திறந்த சுரேந்திரனின் அடிவயிற்றிலிருந்து “ம்ர்ர்ர்ரப்பா” என்று ஓர் உறுமல் புறப்பட்டது. வார்த்தை புரியவில்லை.

“சார், இதுதான் சார் அந்தக் கொரலு!” என்றாள் ஆக்சிலியா. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

சுரேந்திரன் தன் தொண்டையைத் தானே தடவிக்கொண்டார். இத்தனை காலம் உள்ளே இருந்த கலைஞனை அவர் அன்றுதான் சந்தித்தார். “எழுதுய்யா” என்றார் என்னிடம். எழுதினேன். எழுத்தும் உறுமிற்று.

மேல் லயத்தில் இறங்கியதும் ஆய்வு தொடங்கவில்லை. விஜயகுமாரிக்கு வலி கண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கருப்பாயி வாசலில் நின்றுகொண்டு, ஜீப்பைக் கண்டதும் மாரியாத்தாவைக் கும்பிட்டாள். ஆம்புலன்ஸ்காரன் கீழேயே நின்றுகொண்டு, பெண்ணைத் தூக்கி வரச் சொல்லிவிட்டானாம்.

“தொரை, ஒங்க வண்டியில ஏத்திக்குங்க. சாமியாப் பாத்து அனுப்பிருக்கு” என்றாள் கருப்பாயி.

சுரேந்திரன் நல்ல மனிதர், ஆனால் அதிகாரி. “ஆபீஸ் வண்டியில பப்ளிக் ஏற ரூல் இல்லம்மா. ஆர்ட்டிஸ்ட் மட்டும்தான் ஏறலாம்.”

உள்ளே விஜயகுமாரி அலறினாள். நான் உண்மையிலேயே பயந்துவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் அதையும் குறிப்பில் நான்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.

“சார், அவங்க ஆர்ட்டிஸ்ட்தான்” என்றாள் ஆக்சிலியா. “எங்க பேண்டோட ரெண்டாவது பாடகி. கேக்குதுல்ல?”

கேட்டது. கமிட்டி ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. விஜயகுமாரி பின் சீட்டில், கருப்பாயி காலடியில், ஆக்சிலியா தலைமாட்டில். அழகர்சாமியும் நானும் அருண்பிரசாத்தும் பின்னால் தொங்கினோம். தான் கொட்டிய ஜல்லியின் மேல் அழகர்சாமி பயணம் செய்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் முகம் அதைச் சொன்னது.

“மெதுவா!” என்று கத்தினான் அருண்பிரசாத். “வேகமா!” என்று கத்தினாள் கருப்பாயி. ஜல்லி அடிக்க, ஜீப் குதிக்க, விஜயகுமாரி சுரேந்திரனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் தோப்புப் பறவைகள் எல்லாம் கிளம்பின. மூன்றாவது வளைவில் ஜீப் சறுக்கி, ஒரு சக்கரம் பள்ளத்தைப் பார்த்து நின்றது. அங்கேயே குழந்தை பிறந்தது. பெண். பிறந்ததும் ஒரே ஸ்வரத்தில் நீளமாக அழுதது.

“சுருதி வந்துடுச்சு!” என்றார் சுரேந்திரன். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். தாயும் பிள்ளையும் பத்திரமாகக் கீழே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

மனித உணர்ச்சி அதோடு முடிந்தது. கமிட்டி மறுபடியும் கூடியது. முடிவுகள் வருமாறு: டெத் மெட்டலின் தாளம், சுருதி, குரல் மூன்றும் மேற்படி சாலையில் “இயற்கையாகவே” கிடைக்கின்றன. ஆகவே அதன் பிறப்பிடம் இதுவே. ஆகவே மேற்படி சாலை ஒரு “பாரம்பரிய இசைக்கருவி”. ஆகவே அதை ரிப்பேர் செய்யலாகாது. வீணைக்கு யாராவது தார் பூசுவார்களா? இந்தக் கடைசி வரி அழகர்சாமியுடையது. எவ்வளவு நிம்மதியோடு சொன்னார் தெரியுமா!

விழா நாளும் வந்தது. மைதானம் நிறைந்திருந்தது. டெல்லியிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் முன்வரிசையில். மேல் லயம் மேடையேறியது. ஆக்சிலியாவின் கால்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அருண்பிரசாத் மைக்கைக் கடிப்பதுபோல் பிடித்து, மனுவை “மதிப்பிற்குரிய ஐயா” முதல் “இப்படிக்கு” வரை ஓர் எழுத்து விடாமல் உறுமினான். “பொர்ர்ர்ருள்! சாலைக்குத் தார்ர்ர்ர்!” ஒரு வார்த்தையும் புரியாததால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. டெல்லிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்களும் தட்டினோம்.

பிறகு சுரேந்திரன் விஜயகுமாரியை மேடைக்கு அழைத்து, கைக்குழந்தையோடு சேர்த்து ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். மைக்கைப் பிடித்தார். “சகோதர சகோதரிகளே! இந்தச் சாலைக்குத் தார் போட போன வாரம் ஆர்டர் வந்தது. நாங்கள் போராடித் தடுத்து நிறுத்தினோம்! தார் ஊற்றினால் மெட்டல் செத்துவிடும்! நம் மெட்டலைச் சாக விடுவோமா?”

“மாட்டோம்!” என்றது மைதானம்.

“இந்தச் சகோதரியும் ரெண்டு வார்த்தை பேசுவார்.”

விஜயகுமாரி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் உறுமவில்லை. கடைசி வரிசைக்கும் புரிகிற தமிழில் பேசினாள்.

“போன மழையில எங்க லயத்து ஒச்சம்மாவ நெஞ்சு வலின்னு கட்டில்ல வச்சுத் தூக்கியாந்தோம். ஜல்லி சறுக்கி விட்டுருச்சு. ரோட்லயே உசுரு போயிருச்சு. அன்னைக்கி யாரும் கமிட்டி போடல. தார ஊத்துங்க சார், மெட்டல் சாகட்டும். மெட்டல் செத்தாத்தானே அது டெத் மெட்டல்? இப்ப மெட்டல் நல்லாத்தான் இருக்கு. சாகுறது நாங்க.”