ஒப்பாரிக்குக் கல்யாணம்

தொண்ணூறுகளில் உத்திரமேரூரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஊர்களில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் மணவறையில் அழுதிருக்கிறார்கள். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. அழவைத்தவன் ஒப்பாரி.

அது அவன் பெயரில்லை. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதை ரேஷன் கடைக்காரர் மட்டும்தான் கூப்பிடுவார். காவாந்தண்டலத்துக்காரன். மைக் செட் வைத்திருந்தான். நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டேப், கொஞ்சம் சீரியல் பல்பு, மரப்பெட்டி நிறைய கேசட். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் வருவான். வந்து, தென்னை மரத்தில் குழாயைக் கட்டி, சோகப் பாட்டாகப் போடுவான்.

மற்றதெல்லாம் பாட்டே இல்லை என்பது அவன் கட்சி.

"சந்தோசமா கீறவன் இன்னாத்துக்கு மச்சான் பாடணும்? துன்னுட்டு தூங்குவான். அழுவுறவன்தான் பாடுவான்" என்பான்.

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். அதற்குக் குத்துப் பாட்டு வேண்டும். இல்லையென்றால் தூங்கிவிடுவேன். என் கடைக்கு எதிரில் இரும்புக் கடை வைத்திருந்த பாய் எங்கள் மூன்றாவது ஆள். அவருக்கு வீட்டில் உருது. ஆர்மோனியப் பெட்டியும் கைதட்டலுமாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பாடுகிற கவ்வாலிதான் அவருக்குப் பாட்டு. தமிழ்ப் பாட்டை அவர் பாட்டாகவே மதித்ததில்லை. அவர் பாட்டை ஒப்பாரி ஒரு தடவைகூடத் தன் செட்டில் போட்டதில்லை. பாஷை புரியாமல் எப்படி அழுவது என்று கேட்பான்.

இப்படி மூன்று பேர். பத்து வருஷம் தினமும் சாயங்காலம் ஒரே டீக்கடை. ஒரு பாட்டில்கூட ஒத்துப்போனது கிடையாது.

சினிமாவுக்கும் சேர்ந்துதான் போவோம். பாய் வரமாட்டார், நானும் அவனும். சண்டையும் ஆட்டமும் வந்தால் ஒப்பாரி எழுந்து வெளியே போய்விடுவான். அம்மா சாகப் போகிறாள் என்று தெரிந்ததும் ஓடிவந்து உட்காருவான். நான் அப்போது எழுந்து வெளியே போவேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் இருந்ததில்லை. ஒரு டிக்கெட்டே போதும் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அவனால் நான் பட்ட பேஜார் கொஞ்சநஞ்சமில்லை. ஆம்ப்ளிஃபயர் புகைந்தால் சரி செய்ய நான்தான் கூடப் போவேன், அதனால் திட்டிலும் எனக்குப் பங்கு. ஒரு அரிசி மில் திறப்பு விழா. முதலாளி ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கிறார், மனிதன் கடைசியில் எதைக் கொண்டுபோகப் போகிறான் என்று ஒரு பாட்டு. அவர் கத்தரிக்கோலோடு எங்களைத் துரத்தினார். ஒரு தேர்தலில் வேட்பாளரின் ஜீப்பில் செட் கட்டினான். ஓட்டுக் கேட்பதற்கு நடுநடுவே, நம்பியவர்கள் எல்லாரும் கைவிட்டார்கள் என்று ஒருத்தன் கதறுகிற பாட்டு. வேட்பாளர் தோற்றார். தோற்றதற்கு வேறு காரணங்கள் இருந்தன, ஆனால் அடிவாங்கினது நாங்கள்.

இவ்வளவுக்கும் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போகமாட்டான். ஏன்டா, உனக்கென்றே இருக்கிற இடமாயிற்றே என்று கேட்டேன்.

"அங்கதான் அவங்களே அழுவுறாங்களே. நான் எதுக்கு?"

இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் ஏதாவது ஒரு விசேஷத்தில் இவன் செட் பாடியிருந்தது. காபி கொடுக்காமலே அனுப்பினார்கள்.

கடைசியில் திருப்புலிவனத்தில் ஒரு பெண் அமைந்தாள். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். முப்பது தாண்டியவள். அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். அவர் நெல் வியாபாரி, மீசையும் குரலும் பெரிது. மாப்பிள்ளை யார் என்று தெரிந்ததும் அவர் குதித்தார். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் கல்யாணத்தில், புருஷன் விட்டுவிட்டுப் போன ஒருத்தி பாடுகிற பாட்டை ஒப்பாரி போட்டிருக்கிறான். மூன்றே மாதத்தில் மகள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். மருமகன் குடிகாரன், அது ஊருக்கே தெரியும். ஆனால் மாமன் பாட்டின் மேல்தான் பழி போட்டார்.

பெண் மட்டும் அசையவில்லை. அவள் சொன்னதைப் புரோக்கர் எங்களிடம் வந்து சொன்னார்.

"பாட்டு கேட்டு அழுவுற ஆம்பள கைய நீட்டி அடிக்க மாட்டான். எனக்கு இந்த ஆளுதான்."

மாமன் இறங்கிவந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. பந்தலில் ஒரே ஒரு அழுகைப் பாட்டு கேட்டாலும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். வேறு ஆள் செட் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். தன் கல்யாணத்தில் அடுத்தவன் குழாய் பாடினால் தூக்கில் தொங்குவேன் என்றான் ஒப்பாரி. கடைசியில் ஒரு சமரசம். செட் அவனுடையது. ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்காருகிறவன் நான். என் ரசனை குத்துப் பாட்டு என்பது மாமனுக்கே தெரியும், அவர் ஒத்துக்கொண்டார்.

எனக்கு இஷ்டமே இல்லை. இருந்தாலும் முதல் நாள் மத்தியானம் அவன் மரப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேசட்டாக எடுத்து அட்டைப் படத்தைப் பார்த்தேன். தாடி வைத்த கதாநாயகன், சால்வை போர்த்தி இருமுகிறவன், கண்ணீர் விடுகிற தங்கச்சி, வெள்ளைப் புடவை, எல்லாம் ஒரு சாக்கில். மலை மேல் ஆடுகிறவர்கள், மோட்டார் சைக்கிளைக் கையை விட்டு ஓட்டுகிறவன், கலர் கலராகக் குதிக்கிற கூட்டம், இதெல்லாம் பெட்டியில். சாக்கைக் கட்டி என் கடையில் போட்டுப் பூட்டினேன். வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் திருப்புலிவனத்தில் பெண் வீட்டு வாசலில் பந்தல். காலை ஐந்துக்குப் பிள்ளையார் பாட்டு. அதில் ஒரு வம்பும் இல்லை. ஆறு மணிக்கு, மலை மேல் இரண்டு பேர் ஆடுகிற கேசட்டைப் போட்டேன். புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி பூவையும் பொட்டையும் கேட்டு அழுதாள். நான்கு குழாயிலும் அழுதாள்.

மாமன் ஷேவிங் பாதியில் ஓடிவந்தார். ஒரு கன்னத்தில் நுரை.

கை தவறிவிட்டது என்று சொல்லி, மோட்டார் சைக்கிள்காரன் கேசட்டைப் போட்டேன். அதில் ஒரு அண்ணன் தங்கச்சியைத் தொலைத்துவிட்டுத் தெருத் தெருவாகத் தேடினான். பதறிப்போய் மூன்றாவதாக, கலர் கலராகக் குதிக்கிறவர்கள். காசநோய்க்காரன் ஒருத்தன் பாட ஆரம்பித்தான். நடுவில் வாத்தியத்தையெல்லாம் நிறுத்திவிட்டு இருமினான். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தன்னைத்தான் யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

டேப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை அறைக்கு ஓடினேன். ஒப்பாரி பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் பட்டம் கட்டி உட்கார்ந்திருந்தான்.

"டேய், ஆடுற அட்டைக்குள்ள அழுவுற பாட்டு எப்டிடா வந்துது?"

"அட்டைய மாத்திக்கீறேன் மச்சான்" என்றான். ஏதோ சட்டையை மாற்றிக்கொண்டேன் என்கிற மாதிரி. "பார்ட்டிங்க இப்பல்லாம் அட்டைய பாத்துட்டுதான் சரின்றாங்க. அதான்."

"அப்ப அழுவுற அட்டைக்குள்ள?"

"ஆட்டப் பாட்டு. சும்மா கெடக்குதேன்னு போட்டு வச்சேன். ஏன், நீ எத எடுத்துக்கினு வந்த?"

ஊரிலேயே நல்ல பாட்டு எத்தனை இருந்ததோ அத்தனையும் என் கடைக்குள் பூட்டிக் கிடந்தது. நான் சொன்னதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். அதற்குள் மாமன் அறை வாசலில் நின்றார். கத்தவில்லை.

"வேணும்னு பண்றீங்களா, தெரியாம பண்றீங்களா, எனக்குத் தெரியாது. இப்ப ஒரு நல்ல பாட்டு போட்டுக் காட்டுங்க. இல்லன்னா என் பொண்ண கூட்டிக்கினு நான் உள்ள போயிடுவேன். தாலிய எடுத்துக்கினு நீங்க கெளம்புங்க."

என் கடை உத்திரமேரூரில். அங்கே போய்ப் பூட்டைத் திறந்து சாக்கைத் தூக்கி வருகிற வரைக்கும் மாமன் பொறுக்கமாட்டார். ஒப்பாரி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவ போயிடுவாளா மச்சான்?"

ஆயிரம் சோகப் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவன். நிஜமான துக்கம் வந்து நின்றபோது ஒரு வரிகூட அவனுக்கு வரவில்லை.

அப்போதுதான் பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கையில் சுவர்க்கடிகாரப் பொட்டலத்தோடு. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு வேறு வழி? போட்டேன்.

ஆர்மோனியம் ஒரு சுற்று சுற்றியது. தபலா விழுந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கை தட்டினார்கள். பந்தலில் பிள்ளைகளும் கூடவே தட்ட ஆரம்பித்தார்கள். மாமன் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் வலது கால் தரையைத் தட்டியது.

"இது பாட்டு. கைதட்டெல்லாம் வருது. இத மொதல்லயே போட்டு இருந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டு மீதிக் கன்னத்தை ஷேவ் பண்ணப் போனார்.

பாய் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"காதலி செத்துட்டா. பக்கத்துலயே எனக்கும் ஒரு குழி வெட்டி வையுன்னு வெட்டியான்கிட்ட கேக்குறான்."

"வாய மூடு பாய்" என்றேன்.

அந்தக் கேசட்டையே முகூர்த்தம் வரைக்கும் ஓட்டினேன். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணையில் உட்காரவைத்தார்கள். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒப்பாரி மந்திரத்தைக் கவனிக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக் குழாய்ப் பக்கம் காதை வைத்திருந்தான். பாஷை தெரியாது. ஒரு வார்த்தை புரியாது. ஊரே கை தட்டுகிறது. அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஐயர் ஓமப் புகை என்று நினைத்து விசிறியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே விசிறினார். கொட்டுவது நிற்கவில்லை. பெண் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். அவள் என்னவோ முணுமுணுத்தது தெரிந்தது. பிறகு அவனே சொன்னான்.

"அழுவுங்க, பரவால்ல" என்றாளாம்.

மேளம் கொட்டித் தாலி ஏறியது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு மைல் சுமை தூக்கின மாதிரி இருந்தது உடம்பு.

சாப்பாடெல்லாம் முடிந்து மூன்று மணி இருக்கும். பந்தலில் பாதி நாற்காலியை அடுக்கிவிட்டார்கள். குழாய்க் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மேஜை மேல் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும் பாட்டு வருகிற மாதிரி வைத்தான் ஒப்பாரி. மாலையைக்கூடக் கழற்றவில்லை. பாயைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தான். வரி வரியாக அர்த்தம் சொல்லச் சொன்னான். பத்து வருஷம் பாஷை புரியாது என்று ஒதுக்கினவன். பாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் பாட்டுக்கு ஒருத்தன் அர்த்தம் கேட்பது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை. டேப்பை நிறுத்துவதும், சொல்வதும், மறுபடி ஓடவிடுவதுமாக இருந்தார். குழி வெட்டுகிற இடம் வந்தது. ஒப்பாரி குலுங்கிக் குலுங்கி அழுதான். புதுப்பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, ரவிக்கைக்கு அளவு எடுக்கிறவள் மாதிரி அவனையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமன் வந்துவிட்டார். மாப்பிள்ளை ஏன் அழுகிறார் என்று என்னைக் கேட்டார்.

நான் முகத்துக்கு நேரே சொல்லிப் பழகினவன். பொய் சொல்லத் தெரியாமல் பாதி வாடிக்கையை இழந்தவன்.

"ஓமப் புகை மாமா" என்றேன்.

ஓமம் அணைந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். அக்காள் மகளைப் பார்த்தார். பெட்டியிலிருந்து ஆர்மோனியம் கிளம்பியது. அவர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அப்புறம் இன்னா சொல்றான் பாய்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான் ஒப்பாரி.

போதும் நிறுத்துங்கடா, நாளெல்லாம் ஒரே தலைவலி என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக அழுதுகொண்டிருந்தான்.